விமலேஸ்வரி திருப்பித் தந்த தவிடு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வடகடல் தீவொன்றிலிருந்து ஒரு மண்வெட்டியோடு உருத்திரபுரத்துக்கு வந்து, காடு வெட்டி, வயல் செய்து, நெல் குத்தும் மில் போட்டவன். சண்டையில் மில்லின் கூரை போனது. திரும்பி வந்து ஒரே வருடத்தில் முன்னையதைவிடப் பெரிதாகக் கட்டினேன். இன்றைக்கும் கிளிநொச்சியில் பஸ்ஸால் இறங்கி மில்காரர் வீடு எது என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். எடுத்த காரியத்தில் தோற்றதில்லை. ஒன்றைத் தவிர. அது என் வேலிக்கு அடுத்த வளவில் இருக்கும் விமலேஸ்வரியின் காரியம்.

நெல் அறுக்கிற அருவி வெட்டில் அவளுக்கு முன்னால் வரம்பைத் தொட்ட ஆள் அந்த நாளில் இல்லை. ஆண்களையும் பகிடி பண்ணிக்கொண்டே வெட்டிப் போவாள். கடைசிச் சண்டைக்குள் இரண்டு ஆண்பிள்ளைகளையும் ஒரே பதுங்குகுழியில் பறிகொடுத்தாள். முகாமிலிருந்து திரும்பியபோது அந்த வாய் இல்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சிவதர்சினி பிறந்தாள். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். தாய்க்கும் தகப்பனுக்கும் அது வரவில்லை. விமலேஸ்வரி பால் கொடுப்பாள், துடைப்பாள், பாயில் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். தகப்பன் யோகநாதன் பிள்ளையின் பக்கமே திரும்ப மாட்டான். நெற்றி அப்படியே மூத்தவனின் நெற்றி என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு வரம்பில் குந்தியிருந்து அழுதான்.

யோசனை சொன்னவன் நான்தான். முன்னைய பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை அயலாருக்கு ஒரு சுளகு தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்து வழக்கம். எமன் கேட்டு வந்தால், இது எங்கள் பிள்ளை இல்லை, விற்றாயிற்று என்று சொல்லலாம். பிள்ளை தாயிடமே வளரும். பேர் மட்டும் வாங்கினவருக்கு. பயம் தெளிந்ததும் அதே அளவு தவிட்டைக் கொடுத்து மீட்க வேண்டும். பயம் போனால் பாசம் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

மற்றவர்கள் சுளகு கொடுப்பார்கள். நான் மில்காரன். ஒரு முழு மூட்டையைத் தூக்கி வைத்தேன், ஊர் பார்க்கட்டும் என்று. விமலேஸ்வரி பிள்ளையை என் கையில் தந்து, "வித்திட்டன்" என்றாள். சடங்குக்குச் சொல்லும் சொல்தான். ஆனால் சுமை இறக்கிய ஆளைப்போல ஒரு மூச்சு விட்டாள். அதை நான் கண்டும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு பிள்ளையைப் பற்றி எவர் கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்: அது மில்காரரின்ர பிள்ளை. பிள்ளையும் அவளை மாமி என்றுதான் கூப்பிடப் பழகினாள். அப்படிப் பழக்கினதும் அவள்தான். மில்லுக்கு வருகிறவர்கள் கிழவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கு என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. சட்டை, சப்பாத்து, சைக்கிள் எல்லாம் நானே வாங்கிக் கொடுத்தேன். மீட்டுக்கொண்டு போ என்று ஒருநாளும் சொல்லவில்லை. என் மனைவி ஞானேஸ்வரிதான் ஒருமுறை எச்சரித்தாள்: "நீங்கள் இதை விளையாட்டெண்டு நினைக்கிறியள். அவள் அப்பிடி நினைக்கேல்லை."

பதின்மூன்று வருடம் போய்விட்டது. போன மாரியில் பிள்ளைக்கு டெங்கு. நானும் விமலேஸ்வரியும்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாய் யார் என்று தாதி கேட்டாள். பிள்ளை கண்ணைத் திறந்தபடி கட்டிலில் கிடக்கிறாள். விமலேஸ்வரி சொன்னாள்: "நான் தாயில்லை. பக்கத்து வீடு."

பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் தேறி வீட்டுக்கு வந்ததும் நான் விமலேஸ்வரியைக் கூப்பிட்டு, வழக்கம் முடிந்தது, இனி மீட்கத்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். வேண்டுமென்றால் என் மில்லில் குவிந்து கிடக்கிற தவிட்டிலேயே அள்ளித் தா என்றேன். "உங்கட தவிட்டை உங்களுக்கே தாறதோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு கிழமையாக யோகநாதனும் அவளும் தங்கள் நெல்லை உரலில் போட்டுக் குத்தினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. இவ்வளவு பாடு மனம் இல்லாமல் வராது.

வெள்ளிக்கிழமை காலையில் மூட்டையைப் பிள்ளையின் சைக்கிளில் கட்டி, தாய் பிடித்துவர, பிள்ளை உருட்டிக்கொண்டு வந்தாள். யோகநாதன் வாசல் படலையோடு நின்றுவிட்டான். நான் மூட்டையை இறக்கி, பிள்ளையின் கையைப் பிடித்து விமலேஸ்வரியின் கையில் வைத்தேன். அவள் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணை, பொய் சொல்ல ஏலாது. பிடிச்சுப் பார்க்கிறன், நெஞ்சுக்குள்ள ஒண்டும் அசையுதில்லை. பசிக்க விடமாட்டன். படிப்பிப்பன். அதுக்கு மிஞ்சி என்னட்டக் கேக்காதேங்கோ."

பிள்ளைக்கு முன்னால் கதைக்கிற கதையா என்று கோபம் வந்தது எனக்கு. ஆனால் பிள்ளை அழவில்லை. எப்போதோ தெரிந்ததைத் திரும்பக் கேட்கிற முகம். கையை மெல்ல விடுவித்து, சைக்கிளைத் திருப்பி, பின்சீற்றில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள்.

"ஏறுங்கோ மாமி, போவம்."

மீட்டாகிவிட்டதே, இனி அம்மா என்றல்லவா சொல்ல வேண்டும்? விமலேஸ்வரி திருத்துவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் ஏறி, சீற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைப் பிடிக்கவில்லை.

அந்த மூட்டையை நான் மாட்டுக்கு வைக்கவில்லை. மில்லின் மூலையில் இருக்கிறது, வண்டு விழுந்துகொண்டு. சண்டைக்குப் பிறகு நான் போட்ட கூரைகள் எல்லாம் நிற்கின்றன. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் போட்டது மட்டும் நிற்கவில்லை.