கந்தகன் அப்படிச் சொல்ல மாட்டான்

காலையில் கரீம் பாய் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்வது வழக்கமில்லை; எந்தச் சேதியானாலும் அவர் மனைவி மெஹருன்னிசா அக்கா வழியாகத்தான் வரும். "சேகர், உங்க அக்கா மவுத்தாயிட்டா" என்றார். டீ குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. மாடம்பாக்கத்திலிருந்து இரும்புலியூருக்கு ஸ்கூட்டரில் எப்படிப் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த அவர்களுடைய பெயின்ட் கடையைத் தாம்பரத்துப் பெயின்டர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கல்லாவில் அக்கா, குடோனில் பாய். ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர், "கண்ணு போனதுலேர்ந்தே மனசு விட்டுட்டாங்கப்பா, பாவம்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாவு வீட்டில் சண்டை போட முடியாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுத்தில் போடுகிறேன். அக்காவைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நான் சொல்வது சரியா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பல வருஷத்துக்கு முன், ஜன்னல் கம்பிக்கு எனாமல் வாங்கப்போன இடத்தில்தான் அக்காவை முதலில் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, தலையில் முக்காடு, கையில் புத்தம்புது அமெரிக்கக் காமிக்ஸ். மஞ்சள் அங்கி போட்ட ஒருவன் பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கும் அட்டை. அதே இதழுக்காக நான் இரண்டு வாரமாக நாயாய் அலைந்துகொண்டிருந்தேன். "உங்க பையனோடதாம்மா?" என்று கேட்டேன். "பையன் ஜாவா படிக்கிறான். இது என்னோடது" என்றார். அப்புறம் அட்டையை என் பக்கம் திருப்பி, "இந்த மாசம் மஞ்சள் சரியில்ல, பாத்தியா? கடுகாட்டம் அடிச்சு வச்சிருக்கான்" என்றார். அன்று எனாமல் வாங்காமலேயே வீட்டுக்கு வந்தேன்.

அந்த மஞ்சள் அங்கிக்காரனின் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாமல், நாங்களாக அவனுக்குக் கந்தகன் என்று பெயர் வைத்தோம். நாங்கள் என்றால் மூன்று பேர்: அக்கா, நான், மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பாஸ்கர். அமெரிக்காவில் வெளியாகி பல வாரம் கழித்துத்தான் மவுண்ட் ரோட்டுப் புத்தகக் கடைக்கு இதழ் வரும். மாதம் ஒருவர் முறை வைத்து மின்சார ரயிலில் போய் வாங்கி வருவோம். அக்கா போட்ட சட்டம் ஒன்று உண்டு: வாங்கி வந்தவர் கடைசியில்தான் படிக்க வேண்டும். "இது என்ன அநியாயம்?" என்று பாஸ்கர் கேட்டான். "மொதல்ல படிக்கிறவன் மூஞ்சியப் பாத்துக்கினே உக்காருடா. பாதிக் கதை அதுல கீது" என்றார். அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. ஒருமுறை பாஸ்கர் கடைசிப் பக்கத்தில் வாயைப் பிளந்ததைப் பார்த்து, கந்தகனின் பரம எதிரி பிழைத்துவிட்டான் என்பதை அக்கா அட்டையைத் தொடாமலே சொல்லிவிட்டார்.

வெளிவருவதற்கு முன்பே இணையத்தில் கதையைப் போட்டுவிடும் ஆட்கள் பெருகிய காலம் அது. பிரவுசிங் சென்டரில் எதையாவது பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தால் அக்கா முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "தெரிஞ்சா வாய மூடிக்கினு இரு. சொன்னியோ, தின்னர் டப்பாவுல முக்கிடுவேன்" என்பார். பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூணு கழுதைங்களுக்கும் வயசாவுது" என்று சொல்லிக்கொண்டே டீ சொல்லப் போவார்.

கந்தகனின் பெரிய கதை ஒன்று முடிவை நெருங்கிய சமயத்தில் அக்காவின் கண்ணில் கோளாறு வந்தது. சர்க்கரை. ஷேட் கார்டில் பச்சையும் நீலமும் கலங்கித் தெரிகிறது என்று போனவரிடம், உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனாலும் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன் எங்களிடம் அக்கா ஒளிக்காமல் பேசினார். "பயமாத்தான் இருக்கு சேகரு. இருட்டுக்கு இல்ல. கதை பாதியில நின்னுடுமோன்னு." பாஸ்கர்தான், "நிக்காதுக்கா. நாங்க எதுக்குக் கீறோம்?" என்றான்.

அந்த மாத இதழை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். இரண்டு கண்ணிலும் கட்டு. பாஸ்கர் வசனத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், படத்தை நான் சொல்ல வேண்டும் என்று பிரித்துக்கொண்டோம். சொல்லிப் பார்த்தபோதுதான் படம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. "வானம் நீலமா இருக்குக்கா" என்றால் விடமாட்டார். "எந்த நீலம்? சுண்ணாம்புல போடற நீலமா, ஸ்கூல் பாவாடை நீலமா?" என்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். அடுத்த நாள் நாங்கள் போனதுமே அவர்கள், "மிச்சக் கதை எப்போ?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த இதழின் நடுவில்தான் வினை வந்தது. எதிரி, கந்தகனின் தோழியைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இவளை விட்டுக்கொடுக்கிறாயா?" என்று கேட்கிறான். கந்தகன், "எடுத்துக்கொள்" என்கிறான். பாஸ்கர் படித்துவிட்டு நிமிர்ந்தான். இத்தனை வருஷம் நம்பிய ஆள் இப்படிக் கவிழ்ப்பான் என்று யார் நினைத்தது? "துரோகி, மச்சான்" என்றான் பாஸ்கர். அக்கா அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

"அவன் அப்படிச் சொல்ல மாட்டான்" என்றார் அக்கா.

"அக்கா, அச்சுல இருக்கு."

"அச்சு சரியாத்தான் இருக்கும். நீங்க படிச்சதுதான் தப்பு. சேகரு, ரெண்டு பக்கத்தையும் நல்லா விரிச்சுப் பாரு. மேல இருக்கிற படம் மடிப்போட நிக்குதா, தாண்டிப் போவுதா?"

விரித்துப் பார்த்தேன். படம் மடிப்பைத் தாண்டி வலப்பக்கம் ஓடியது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பக்கமாக வரைந்திருந்தார்கள். மேல் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். பாஸ்கர் இடப்பக்கத்தை மேலிருந்து கீழே முடித்துவிட்டிருந்தான். வலப்பக்கத்தின் மேலே கந்தகன், "ஒருபோதும் மாட்டேன். வேறு ஏதாவது கேள்" என்கிறான். "அப்படியானால் உன் முகமூடி?" என்கிறான் எதிரி. அதற்குத்தான் கீழே, "எடுத்துக்கொள்."

நாள் முழுக்கத் தரம் பார்க்கிற பாஸ்கர் தலையில் அடித்துக்கொண்டான். அக்கா கட்டுக்குக் கீழே வாய்விட்டுச் சிரித்தார். "ஒருத்தன இத்தினி வருசம் படிச்சிருக்கோம். ஒரு பக்கத்துல மாறிடுவானா?" என்றார். நர்ஸ் வந்து சிரிக்கக்கூடாது என்று அதட்டிவிட்டுப் போனார்.

கட்டுப் பிரித்தபோது ஒரு கண் வரவே இல்லை. இன்னொன்று அரைகுறையாக வந்தது. அந்த அரைக் கண்ணை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியைப் பிடித்து, மூக்கு காகிதத்தில் உரச, கதையின் கடைசி இதழை அக்கா கல்லாவில் உட்கார்ந்து தானே படித்தார். எங்களைப் படித்துச் சொல்ல விடவில்லை. ஒரு மதியம் முழுக்க ஆனது. வந்த வாடிக்கையாளர்களைப் பாய் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார். முடித்துவிட்டு அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லா முடிச்சான். அடுத்தது எப்போ வருதாம்?" என்று கேட்டார். கந்தகன் புதிய தொடர் ஒன்றில் வரப்போவதாகச் சேதி வந்திருந்தது. மறுநாளே புத்தகக் கடைக்குச் சொல்லிவைத்தார். மீதிக் கண்ணும் நாளாவட்டத்தில் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவருக்குத் தெரியும். "கண்ணு போனா உங்க வாய் கீதே. ஆனா பாஸ்கருக்கு மொதல்ல படிக்கச் சொல்லிக் குடுக்கணும், பேஜாரு" என்றார்.

இப்போது சொல்லுங்கள், மனசு விட்டவரா இவர்? அடக்கம் முடிந்து திரும்பும்போது பாயிடம் கேட்டேன், காலையில் ஏதாவது சொன்னாரா என்று. பாய் நடந்துகொண்டே சொன்னார்: "டீய ஆற வச்சிட்டு அந்தப் புக்குக் கடைக்காரன்கிட்ட போன்ல சண்ட போட்டுக்கினு இருந்தா. புது புக்கு ஏன் இன்னும் வரலன்னு. அவன் அடுத்த வாரம்னான். அடுத்த வாரம் வரைக்கும் நான் இன்னா பண்றதுன்னு கத்திட்டுப் போனை வச்சா. அதான் கடைசி." சொல்லிவிட்டுப் பாய் சிரித்தார். அழுதுகொண்டேதான் சிரித்தார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அவசரத்தைத்தான். அடுத்தது வரும், அதை நான் படித்தே தீர வேண்டும் என்கிற அவசரம். கடைக்காரர் சொன்ன அடுத்த வாரம் வந்து போய்விட்டது. இதழ் இன்னும் வரவில்லை. இன்று காலை நான் போன் செய்து அவரோடு சண்டை போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா கத்தற மாதிரி இல்ல. இன்னும் நல்லா கத்துங்க சார்" என்றார்.