டீச்சர் பிடித்த மத்தாப்பு

மகளின் டீச்சருக்குத் தர தீபாவளி இனிப்பை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொளுத்திய மத்தாப்பின் புகை ஜன்னல் வழியே வந்தது. ஆரணியில் மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது நினைவுக்கு வந்தது.

தீபாவளிக்கு முந்தைய நாள். அம்மா தறியை நிறுத்திவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்து, போளூரிலிருந்து பஸ்ஸில் வரும் கமலா டீச்சரிடம் பட்டு ரவிக்கைத் துணியை நீட்டினாள்.

"வேணாங்க. எல்லாராலயும் குடுக்க முடியாது. மத்த புள்ளைங்க பாத்துகினு இருக்குது."

அம்மாவின் முகம் சுருங்கியது. டீச்சருக்குக் கொடுக்கவென்று என் பங்கிலிருந்து எடுத்து வந்திருந்த கம்பி மத்தாப்புப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்தேன்.

"இதுன்னா எல்லாரும் கொளுத்தலாம் டீச்சர்."

அவர் சிரித்துவிட்டார். சத்துணவுக் கூடத்திலிருந்து தீப்பெட்டி வந்தது. பட்டப்பகலில், மைதானத்தில், மாற்றி மாற்றிப் பிடித்தோம். டீச்சர் மட்டும் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"பயமா டீச்சர்?"

"எங்க வூட்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் வாங்கித் தர மாட்டாங்கடி. இதான் மொத தபா."

அதைக் கேட்டதும் அம்மா போய் அவர் கையைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்தாள். மத்தாப்பு அணைந்த பிறகும் இருவரும் விடவில்லை.