பானுமைசின்

உலக மக்கள் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு. மருத்துவ வரலாறு இன்று முதல் இரண்டாகப் பிரிகிறது: கோவில்பட்டிக்கு முன், கோவில்பட்டிக்குப் பின். கடலைமிட்டாய்க்கு அடுத்தபடியாக இந்த ஊர் மனித குலத்துக்கு வழங்கும் அரும்பெரும் கொடை... பானுமைசின்!

இப்படி ஒரு ஃபிளக்ஸ், போன சித்திரையில் கல்லூரி வாசலில் நின்றது. ஒரு நாள் காலையில் சத்தமில்லாமல் இறக்கிவிட்டார்கள். இப்போது அது கேண்டீன்காரர் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. ஏன் இறக்கினார்கள் என்பதுதான் கதை. கதை என்று வாய் தவறி வந்துவிட்டது. இது நடந்தது. செண்பகவல்லி அம்மன் சன்னிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் சங்கரபாண்டி பண்ணுவார்.

அந்தக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் அவர். 'உயர் ஆராய்ச்சி மையம்' என்று வாசலில் பித்தளைப் பலகை. உள்ளே போனால் ஒரு ஃபிரிட்ஜ், கிருமியைச் சூட்டில் வளர்க்க ஒரு இன்குபேட்டர், ஒழுகும் குழாய் ஒன்று. ஆனால் மனுஷன் பேச ஆரம்பித்தால் ஜெனீவா வரைக்கும் கேட்கும். பழசு என்றால் அவருக்கு ஆகாது. போன வருடம் வந்த ஆய்வுக் கட்டுரையையே "அது ஆதிகாலத்துச் சரக்கு" என்று தள்ளிவிடுவார்.

ஒரே மகள், பானு. ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே வந்துவிடுவாள். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளின் மூடியை எடுத்து மேஜையில் பம்பரம் மாதிரி சுண்டிவிடுவாள். கிர்ர்ர்... என்று சுற்றும்.

"ஏட்டி, கைய எடு!"

கையை எடுப்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் மறுபடி கிர்ர்ர்...

இரண்டு வருடத்துக்கு முன்னால், பசுவந்தனையில் அவர்களுடைய பருத்திக் காட்டில் நடந்தபோது அவள் காலில் கருவேல முள் குத்தியது. முள்தானே என்று விட்டார்கள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. குடும்ப டாக்டர் அழகிரிசாமி கோவில்பட்டியிலிருந்து பார்க்க வந்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, டைபாய்டுக்கு அந்தக் காலத்துல ஒண்ணு குடுப்போம்லா... அது இந்தக் கிருமிக்குக் கேக்குதான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொல்லுவமா?"

"டாக்டர், அதையெல்லாம் வெளிநாட்டுல குப்பையில போட்டு எத்தனையோ காலமாச்சு."

வெளிநாட்டு ஊசி வந்தது. பானு போய்விட்டாள்.

சின்னப் பிள்ளைகளை எரிக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. சொந்தக் காட்டின் மூலையில், கரிசலில் புதைத்தார்கள்.

அவளைக் கொன்ற கிருமியை சங்கரபாண்டி ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்தார். ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றினார். மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள், மற்ற கிருமிகளைக் கொல்லும் மருந்தைத் தாமே சுரக்கும். அப்படி ஒரு புது மருந்தைக் கண்டுபிடித்து மகள் பெயரை வைக்க வேண்டும். நாகலாபுரத்திலிருந்து மணியாச்சி வரைக்கும் மாணவர்களை அனுப்பி மண் அள்ளிவரச் சொன்னார். பை பையாக மண் வந்தது. மருந்து வரவில்லை. பெயர் மட்டும் தயாராக இருந்தது.

பங்குனி. ஞாயிற்றுக்கிழமை. உச்சி வேளை. இன்குபேட்டரில், அந்தக் கிருமியைப் பூசி நடுவில் மண் வைத்த பன்னிரண்டு தட்டுகள் இருந்தன. அட்டெண்டர் இசக்கி சாப்பிடக் கிளம்பினான்.

"சார், உச்சி நேரம். தனியா இங்கன இருக்காதீங்க. காத்து கருப்பு அண்டிரும்."

"காத்துல நைட்ரஜன் இருக்கு, ஆக்சிஜன் இருக்கு. கருப்புன்னு ஒண்ணு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லலே."

"புஸ்தகம் எழுதுனவன் கோவில்பட்டி வெயில்ல நின்னுருக்க மாட்டான் சார்."

போய்விட்டான். பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

முதலில் வாசனை வந்தது. மழை வாசனை. காய்ந்து வெடித்த கரிசலில் முதல் தூற்றல் விழும்போது எழுமே, அது. ஜன்னல் வழியே பார்த்தார். வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் ஒரு பொட்டு மழை இல்லை. 'மண் நுண்ணுயிர் வெளியிடும் ரசாயனம். பெயர் ஜியோஸ்மின்' என்று தனக்குத்தானே வகுப்பெடுத்துக்கொண்டார். ஏதோ ஒரு மண் பை திறந்து கிடக்கும்.

எல்லாப் பையும் கட்டியபடியே இருந்தது.

அப்புறம்... சத்தம். உள்ளறையிலிருந்து.

கிர்ர்ர்...

நின்றது.

கிர்ர்ர்...

கதவைத் தள்ளினார்.

மேஜையில் ஒரு கண்ணாடி மூடி சுற்றிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்தது... தள்ளாடியது... டக். விழுந்தது.

யாரும் இல்லை.

தரையில் ஈரக் கரிசல். சின்னச் சின்னப் பாதங்கள். வாசலிலிருந்து மேஜை வரைக்கும்.

திரும்பிப் போன தடம் இல்லை.

மூடியின் பக்கத்தில் ஒரு தட்டு. இன்குபேட்டரைத் திறந்து பார்த்தார். அவர் வைத்த பன்னிரண்டும் உள்ளேயே இருந்தன.

இது பதின்மூன்றாவது.

தட்டு முழுக்க அதே கிருமி, பாலாடை மாதிரி படர்ந்திருந்தது. நடுவில் ஒரு சிட்டிகைக் கரிசல் மண். அதைச் சுற்றி, குழந்தை வளையல் அளவுக்கு, ஒரு வட்டம். துடைத்த மாதிரி சுத்தமாக. அங்கே மட்டும் கிருமி செத்திருந்தது.

சங்கரபாண்டி மூடியைத் தொடாமல் மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

"பானு... இன்னொரு தடவ சுத்துட்டி."

காத்திருந்தார்.

மூடி அசையவில்லை. கரண்ட் வந்தது. ஃபேன் ஓட ஆரம்பித்தது. மழை வாசனை போய்விட்டது.

அந்த மண்ணை யார் கொண்டுவந்தது என்று ஒவ்வொரு மாணவனிடமும் கேட்டார். யாருமில்லை. வீட்டுக்குப் போய் மனைவி முத்துத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். வெள்ளிக்கிழம நம்ம காட்டுக்குப் போயிருந்தேன். பிள்ள மேல குழி விழுந்து கெடக்கு."

"நரி தோண்டியிருக்கும்."

"நரி தோண்டுனா மண்ணு வெளிய கெடக்கும்லா? ஒரு பொடி மண்ணு வெளிய இல்ல. கைய விட்டுப் பாத்தேன். எனக்கு நொழையல. சின்னக் கை நொழையுற குழி அது."

அவர் அவள் விரல்களைப் பார்த்தார்.

"வெரலு மட்டும் போச்சு," என்றாள். "உள்ள ஈரமா இருந்துச்சு."

வட்டத்துக்குள் இருந்த மருந்தைப் பிரித்தெடுத்து, வெளியூரில் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். முடிவு வரும் வரைக்கும் பொறுக்க நிர்வாகத்துக்கு ஏது நேரம்? ஃபிளக்ஸ் எழுந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் 'பானு' என்ற பெயரை மைக்கில் பத்துப் பேர் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர் தலை குனிந்துகொண்டே இருந்தார்.

அப்புறம் அறிக்கை வந்தது. இரண்டே வரி. புதிய பொருள் அல்ல. குளோராம்பெனிகால், எழுபது வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ள மருந்து.

அழகிரிசாமி டாக்டர் சொன்ன அதே டைபாய்டு மருந்து.

சங்கரபாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மெடிக்கலில் போய் அந்த மருந்தைக் கேட்டார்.

இருந்தது.