சூடேற்றிய மண்ணில் நின்ற கன்றுகள்

ஜோகூர் பாருவுக்குப் பக்கத்தில், கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் தரப் பரிசோதனை வேலை பார்த்தேன். கையில் தடிமன் அளக்கும் காலிப்பர், மேசையில் உலோகத் துண்டுகள். அளவு சரியாக இருந்தால் ஒரு பெட்டி, இல்லாவிட்டால் இன்னொரு பெட்டி. அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, பாலோவுக்கு அப்பால் உள்ள காட்டில் ஆராய்ச்சி செய்யும் குழு ஒன்றுக்கு அளவெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். வீடு ரெங்கத்தில் இருந்ததால் போய்வரவும் வசதி.

வேலை என்ன என்று கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. காட்டுத் தரையில் கயிறு கட்டி ஆறு சதுரங்கள் பிரித்திருந்தார்கள். மூன்றில் மண்ணுக்கடியில் கம்பி புதைத்து, மின்சாரம் கொடுத்து, சுற்றியுள்ள மண்ணைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடேற்றி வைத்திருந்தார்கள். மற்ற மூன்றையும் அப்படியே விட்டிருந்தார்கள். பூமி இன்னும் சூடானால் இந்தக் காடு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்காக.

"வெளிய நிக்க முடியல, இதுல காட்டுக்கு வேற ஹீட்டர் போடுறீங்களா?" என்றார்.



ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள இளங்கன்றுகளின் தண்டை அளப்பது, இலைகளை எண்ணுவது, குறித்து வைப்பது என் வேலை. ஒவ்வொரு கன்றிலும் எண் பொறித்த சிறிய அலுமினியத் தகடு கட்டியிருக்கும். சூடேற்றிய இடத்தில் கன்றுகள் வாடிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வருடம் அவை மற்றவற்றைவிடத் தடித்து வளர்ந்தன. எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. காட்டுக்கு நல்லதா இது என்று டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் என்பது குழுவின் தலைவி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஜோகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவர்.

"ஒரு வருஷத்தை வச்சு ஒரு முடிவுக்கும் வராதேங்கோ," என்றார்.

இரண்டாம் வருடம் அதே கன்றுகளில் சிலவற்றின் வளர்ச்சி நின்றது. சில இலையுதிர்த்தன. சில எப்போதும்போல வளர்ந்தன. ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டு அளப்பதை மட்டும் செய்தேன்.

அந்த வருடம் தீபாவளி விடுமுறை முடிந்து, பாக்சிக்குடன் காட்டுக்குள் போனேன். பாக்சிக் என்று மலாயில் மாமா முறை வைத்து நாங்கள் அழைப்பவர் எங்கள் வண்டி ஓட்டுநர், மின்கம்பிகளைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது மலாயில்.

முதல் சூடான சதுரத்தில் கன்றுகள் இல்லை. முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக அடித்தண்டுகள் மட்டும் நின்றன. இரண்டாவதிலும் அப்படியே. சூடேற்றாத சதுரம் ஒன்றிலும் மூன்று நான்கு போயிருந்தன. இரண்டு வருடமாக வாரம்தோறும் தொட்டு அளந்த கன்றுகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது எனக்கே வியப்பாக இருந்தது.

"ஓராங் போத்தோங்," என்றார் பாக்சிக். ஆள்தான் வெட்டியிருக்கிறான் என்று. "யாரிடமாவது இந்த இடத்தைப் பற்றிச் சொன்னாயா?"

சொல்லியிருந்தேன். சாலையோரம் தேநீர்க்கடை வைத்திருக்கும் அண்ணன், விடுமுறைக்கு முன்னால் கேட்டிருந்தார்: "காட்டுல சின்னக் கம்பு கெடைக்குமா தங்கச்சி? பயத்தங்காய்க்குப் பந்தல் போடணும்." சிரித்துக்கொண்டே, எங்கள் இடத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி, அது எந்தப் பக்கம் என்பதையும் சொல்லியிருந்தேன்.

சாலை வரை நடந்து, கைப்பேசிக்குத் தொடர்பு கிடைத்ததும் டாக்டரை அழைத்து, அண்ணன் கம்பு கேட்டதையும் சேர்த்து அப்படியே சொன்னேன். அவர் வனத்துறைக்குத் தகவல் சொல்வதாகவும், நாங்கள் எதையும் தொடாமல் படம் மட்டும் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பிப் போய்ப் படம் எடுக்கும்போதுதான் தண்டுகளின் முனையைப் பார்த்தேன். கத்தி பட்ட முனை வழுவழுப்பாக இருக்கும். இது நார் நாராகக் கிழிந்திருந்தது. அளவெடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

தரையில் சருகுகளை ஒதுக்கிக்கொண்டு இழுத்துப் போன தடம் இருந்தது. அதன் பின்னால் போனோம். சதுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், இடுப்புயரத்துக்கு ஒரு குவியல். எங்கள் கன்றுகள், இலைகளோடு, ஒன்றின் மேல் ஒன்றாக. இடையிடையே தகடுகள் மினுங்கின. ஒரு எண்ணைப் படித்தேன். நானே கட்டிய தகடு.

உள்ளே ஏதோ சின்னதாகக் கத்தியது. ஒன்றல்ல, பல. பாக்சிக் என் கையைப் பிடித்து இழுத்தார். குவியல் அசைந்து, ஒரு காட்டுப்பன்றி தலையை நீட்டி மூச்சை உறுமலாக விட்டது. நாங்கள் ஓடினோம். காலிப்பர் எங்கே விழுந்தது என்று தெரியாது.

வண்டியில் ஏறியதும் பாக்சிக் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேநீர்க்கடைக்குப் போகச் சொன்னேன்.

வனத்துறை ஆள் ஒருவர் அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்ததும் கடையின் பின்பக்கம் கூட்டிப் போனார். பயற்றங்கொடிக்கு நைலான் வலை கட்டியிருந்தார்.

"கம்பே வாங்கல. வலைதான் போட்டேன். யாரோ நான் வெட்டுனேன்னு சொல்லியிருக்காங்களாம். ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"பன்னிண்ணே," என்றேன். "பன்னி ஒடிச்சிக் கூடு கட்டியிருக்கு. குட்டி போட்டிருக்கு."

"அப்ப அவங்ககிட்ட சொல்லிடு லா."

சொன்னேன். முதலில் அவர் மேல் சந்தேகம் சொன்னது யார் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் எனக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவர் முகத்தில் தேடினேன். இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். தூரத்திலிருந்து குவியலைப் பார்த்துவிட்டு, என் ஏட்டைத் திறந்து, இறந்ததற்கான காரணம் எழுதும் இடத்தில் விரலை வைத்தபடி நின்றார்.

"பன்றின்னு எழுதவா டாக்டர்?"

"எழுதலாம். ஆனா ஏன் இந்தச் சதுரங்களில? மண் சூடா இருக்குதெண்டு வந்ததோ? கன்றுகள் நல்லாத் தடிச்சதால வந்ததோ? இல்ல சும்மா இந்த வழியால வந்ததோ?"

"எது சரி?"

"எனக்கும் விளங்கேல்ல," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது. அவருக்கே தெரியாது என்றால் நாங்கள் என்னதான் அளந்துகொண்டிருக்கிறோம்?

இரண்டு வாரம் கழித்துக் கூடு வெறுமையாகக் கிடந்தது. பிரித்துத் தகடுகளை எடுத்தோம். அதற்குள் இலைகள் கறுத்து, நாற்றம் தாங்க முடியவில்லை. சதுரங்களைச் சுற்றி வேலி போடலாமா என்று பாக்சிக் கேட்டார். பன்றி வராத காடு இந்தக் காடே இல்லை என்று சொல்லி, டாக்டர் வேண்டாம் என்றார். அடுத்த மாதமே மனம் மாறி, பாதிச் சதுரங்களுக்கு மட்டும் வேலி போடச் சொன்னார்.

மழைக்காலத்துக்குப் பிறகு சில தண்டுகளில் பக்கவாட்டில் துளிர் வந்தது. சூடான மண்ணிலும் வந்தது, சூடாக்காத மண்ணிலும் வந்தது. ஒரே தண்டில் இரண்டு மூன்று கிளைகள். எதை அளப்பது? இது பழைய கன்றா, புதிய கன்றா? டாக்டரைக் கேட்டேன். வேறு ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும், ஆளுக்கொரு பதில் வருவதாகவும் சொன்னார்.

"இப்போதைக்கு எல்லாத்தையும் அளவுங்கோ," என்றார்.

மண்டியிட்டு உட்கார்ந்து, விரல் நீளம்கூட இல்லாத ஒரு துளிரைப் பிடித்தேன். புதுக் காலிப்பரின் தாடை பட்டாலே ஒடிந்துவிடும்போல இருந்தது. பாக்சிக் ஏட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுக்காகக் காத்திருந்தார்.