சப்பாத்தித் தாளில் சுற்றிய கார்டு

புது கார்டு வந்த நாளிலிருந்தே எனக்கு நிம்மதி போயிற்று. பின் நம்பர் வேண்டாம், மெஷினில் தொட்டாலே பணம் போய்விடும் என்றார்கள். அந்த வாரமே எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒருவன் பைக்குள் மெஷினை ஒளித்துக்கொண்டு, கூட்டத்தில் அடுத்தவர் பையை உரசியே பணத்தைக் கறக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் தினமும் அல்லிநகரத்திலிருந்து கம்பத்துக்கு பஸ்ஸில் போகிறவள். உரசாத ஆள் உண்டா? மறுநாளே கார்டைச் சப்பாத்தி சுற்றும் வெள்ளித்தாளில் பொதிந்தேன்.

"சூடு ஆறிரக் கூடாதாக்கும்?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

அன்று காலை தேனி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கினேன். நானூற்றைம்பது ரூபாய். கடைக்காரர் மெஷினை நீட்டினார். தாளைப் பிரித்துக் கார்டைத் தொட்டு வைத்தேன். திரையைப் பார்க்கவில்லை. கடைக்காரர் பதினைந்து வருடமாகத் தெரிந்தவர். எட்டிப் பார்த்தால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்காதா? பஸ் ஹாரன் அடிக்கவே, வெள்ளித்தாளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

வீரபாண்டியில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவள். அவள் பைக்குள்ளிருந்த ஏதோ கட்டியான பொருள் என் கைப்பையில் இடித்தது. தள்ளி உட்கார்ந்தேன். மறுபடியும் இடித்தது. கார்டுக்குத் தாளும் இல்லை என்ற நினைப்பு வேறு. சின்னமனூர் தாண்டி, உத்தமபாளையம் நெருங்கும்போது போனில் மெசேஜ் வந்தது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் போயிருந்தது. அதற்கு மேல் நான் வாசிக்கவே இல்லை.

"பைக்குள்ள என்ன வச்சிருக்க? தொற!" என்று கத்தினேன்.

கண்டக்டர் ஓடி வந்தார். "என்ன டீச்சர், என்னாச்சு?"

"மெஷின வச்சு எங் காச எடுத்துட்டா!"

அவள் பையை மடியில் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ், குலை வெட்டும் கத்தரி, தலையில் கட்டும் துண்டு. அவ்வளவுதான்.

"நல்லாப் பாத்துக்கங்க டீச்சர். மிசினுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? இத்தன பேரு பாக்குறாக," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

மெசேஜை முழுவதும் படித்தேன். அதில் கடையின் பெயர் இருந்தது. நான் அங்கே கார்டைத் தொட்டு வைத்த நேரமும் இருந்தது. மெசேஜ்தான் தாமதமாக வந்திருக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் உத்தமபாளையம் வந்துவிட்டது. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

கடைக்காரருக்கு போன் செய்தேன். "ஐயோ, ஒரு சைபர் கூடுதலா விழுந்துருச்சு டீச்சர்," என்று பதறினார். சாயங்காலமே மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. தெரிந்தவர் கையிலிருந்த திரையைப் பார்க்கக் கூசிய நான், தெரியாதவள் பையைத் திறக்கச் சொல்லக் கொஞ்சமும் கூசவில்லையே.

அடுத்த வாரம் அவள் அதே பஸ்ஸில் ஏறினாள். என் பக்கத்து இருக்கை மட்டும்தான் காலியாக இருந்தது. ஜன்னலோரமாக நகர்ந்து, "தப்பு எம்மேலதாம்மா. வா, உக்காரு," என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர்," என்றாள். உத்தமபாளையம் வரை நின்றுகொண்டே வந்தாள்.