ஆனா மேடத்தின் சந்தேகம்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஆனா மேடம்' என்று பெயர். யார் எதை முடிவாகச் சொன்னாலும் "சரி சார், ஆனா..." என்று ஆரம்பித்துவிடுவாள். வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, பக்கத்து நாட்டுப் படை என்ன செய்யப்போகிறது என்று கணிப்பது உளவுத் துறையில் அவள் வேலை.

அந்த வருஷமும் எல்லை ஆற்றுக்கு அக்கரையில் லாரிகள் குவிந்தன.

"வருஷா வருஷம் நடக்கிற பயிற்சிதானே, புதுசா என்ன இருக்கு?" என்றார் பிரிவுத் தலைவர்.

"லாரியும் கூடாரமும் பயிற்சின்னாலும் வரும், படையெடுப்புன்னாலும் வரும் சார். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அதிகாரிங்க குடியிருப்பைப் பாருங்க. கொடியில ஒரு துணிகூட காயல. பள்ளிக்கூட மைதானம் காலி. பயிற்சிக்கு எதுக்குப் பொண்டாட்டி புள்ளைங்களை ஊருக்கு அனுப்பி வைக்கணும்?"

"லீவா இருக்கும்."

"லீவு போன மாசமே முடிஞ்சிடுச்சு சார்."

"அப்போ ஏதாவது காய்ச்சல் பரவியிருக்கும்."

எதை நீட்டினாலும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவர் மக்காக இருந்திருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்; கெட்டிக்காரர், அதனால்தான் காரணங்கள் வந்துகொண்டே இருந்தன.

"எதைப் பார்த்தா சார் நீங்க மனசை மாத்திக்குவீங்க?"

"அவங்க ஆத்தைத் தாண்டி வந்து டீ கேட்டா மாத்திக்கிறேம்மா."

அறையே சிரித்தது. அறிக்கையில் அவள் வாதம், 'படையெடுப்பை முற்றிலும் மறுப்பதற்கில்லை' என்ற ஒரே வரியாகச் சுருங்கியது.

அந்த வாரமே அவர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். கரையோர ஊர் ஒன்று எரிந்தது.

விசாரணையில் தலைவர் அந்த ஒரு வரியைக் காட்டி, "நாங்கதான் எச்சரிச்சோமே!" என்றார். அன்று கூடச் சிரித்த எதிர் மேசைக்காரரும் தனக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். இருவரும் அதை மனதார நம்பினார்கள். பொய் என்றால் சண்டை போடலாம். இதை என்ன செய்வது?

கேன்டீனில், மொழிபெயர்ப்புப் பிரிவுத் தோழியிடம் கொட்டித் தீர்த்தாள். "நிச்சயம் வருவாங்கன்னு அடிச்சுச் சொன்னேன்டி. எவன் கேட்டான்?"

தோழி தயங்கினாள். "கோவிச்சுக்காதே. அன்னிக்கு இதே கேன்டீன்ல, வர்றதும் வராததும் பாதிக்குப் பாதின்னுதான் என்கிட்ட நீ சொன்னே."

சுரீரென்று வந்த கோபம், யோசிக்க யோசிக்க அடங்கியது. உண்மைதான். நடந்து முடிந்ததும் அவள் நினைவும் தன்னைத் திருத்திக்கொண்டுவிட்டது.

அடுத்த கூட்டத்தில், விவாதத்துக்கு முன்பே அவரவர் கணிப்பை எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்றாள். "தப்பாப் போனா யார் தலையை உருட்டுவாங்க?" என்று தலைவர் பேச்சை மாற்றினார். சீக்கிரமே பதவி உயர்வில் மேல்மாடிக்குப் போனார்.

புதிதாக வந்தவரோ சூடு கண்ட பூனை. அக்கரையில் நாலு வண்டி நகர்ந்தாலே படையெடுப்பு என்பார். இது வெறும் பயிற்சியாகவும் இருக்கலாம் என்று அவள் சொன்னபோது எல்லோர் முன்னாலும் சீறினார். "அவ்வளவு பட்டும் புத்தி வரலையா மேடம்?"

அவள் எழுந்து படிக்கட்டுக்குப் போய்க் கைப்பிடிச் சுவரை ஓங்கிக் குத்தினாள். விரல்தான் வீங்கியது. அந்த முறை யாரும் ஆற்றைத் தாண்டவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.