அம்மா மிளகாய் வறுத்த ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கும் மகனுக்கும் அப்பா எழுதுவது.

உங்கள் அம்மா கர்த்தரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உங்களுக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே நாங்கள் மூன்று பேரும் மெதுவாகத்தான் போகப் போகிறோம். உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், நாரந்தனையில், நான்கு பெண்பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். தகப்பனார் புகையிலைத் தோட்டம் செய்தவர். அம்மா பத்தாம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்தார், தையல் பழகினார், கோயில் பாடற்குழுவில் பாடினார். எங்களுக்குக் கலியாணம் பேசியபோது உங்கள் அம்மம்மா ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொன்னார்: "தம்பி, பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் வாய் சும்மா இராது." அந்த வாயைப் பற்றித்தான் நான் எழுத வந்திருக்கிறேன்.

நாட்டில் சண்டை தீவுக்கும் வந்தது. கனடாவுக்குப் போகலாம் என்று வெளிக்கிட்ட நான், இத்தாலியில், சிசிலியின் பலெர்மோ நகரத்தில் நின்றுவிட்டேன். அம்மா உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு முதலில் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தார். பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒரே அறையில் இருந்தார். எனக்கு எழுதிய கடிதங்களில் அந்தக் கஷ்டம் ஒன்றும் இராது. "பிள்ளைகள் வளர்ந்திட்டினம், சட்டை கட்டை" என்று மட்டும் இருக்கும்.

உங்களை இங்கே எடுப்பதற்கு வீடு வேண்டும். ஒழுங்கான வாடகை வீடு இல்லாவிட்டால் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் குடும்பத்துக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குகிற அனுமதி, கொடுக்க மாட்டார்கள். நான் ரெலிபோனில் கேட்பேன். என் இத்தாலியனைக் கேட்டவுடனேயே "கொடுத்தாயிற்று" என்பார்கள். பக்கத்தில் நிற்கிற இத்தாலிய நண்பர் அதே நம்பருக்கு எடுத்தால் வீடு இருக்கும். கடைசியில் போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இரண்டு அறை கிடைத்தது. நீங்கள் வந்து இறங்கிய வீடு அதுதான்.

வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தார். முதலாம் மாடியில் இருந்த அவருடைய மாமியின் சொல்தான் அங்கே சட்டம். தெருவில் எல்லோரும் அவரை 'அமெரிக்கானா' என்பார்கள். சின்ன வயதில் தாய் தகப்பனோடு அமெரிக்கா போய், முப்பது வருடத்துக்கு மேல் அங்கே தையல் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த சிசிலிக்காரி. முதல் நாள் எங்களைப் பார்த்து, "நீங்கள் துர்க்கோவா?" என்று கேட்டார். துருக்கிக்காரர், முஸ்லிம் என்று அர்த்தம்; இந்த ஊரில் கறுத்த ஆட்கள் எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான். அம்மா கழுத்திலிருந்த செபமாலையை எடுத்துக் காட்டினார். உடனே அவருடைய முகம் மாறியது. "ஓ, தமிழரா! தமிழர் நல்ல சனம். சத்தமில்லை, சண்டையில்லை, சுத்தம்" என்றார். எங்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்களுக்கு மேலே, மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் கிரேஸ் இருந்தார். கானா நாட்டுக்காரி. பொலிதேயாமாப் பக்கம் கந்தோர்களைத் துப்புரவு செய்தார். எங்களுக்கு முன்னமே அந்த வீட்டுக்கு வந்தவர். அவருடைய அறையில் ஒரு ரேடியோகூட இல்லை. கட்டிலில் ஏறிக் குதித்தது நீங்கள் இரண்டு பேரும்தான். ஆனால் சத்தம் கேட்டால் அமெரிக்கானா படிக்கட்டில் நின்று மேலே பார்த்து கிரேஸைத் திட்டுவார். "இந்தக் கறுத்தவை குடியிருக்கிற வீட்டிலை மனிசர் நித்திரை கொள்ளேலாது!" என்பார். அம்மா உங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா கிழமையில் இரண்டு நாள் அமெரிக்கானாவின் வீட்டில் வேலை செய்தார். தலைமுடி பின்னிவிடும்போது கிழவி இங்கிலீசில் அமெரிக்கக் கதை சொல்லுவார்; பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசை வைத்து அம்மா விளங்கிக்கொள்ளுவார். அம்மா வந்து எனக்குச் சொல்லுவார். தமிழில் கேட்டபடியே எழுதுகிறேன்.

"அங்கை எங்களைக் கண்டால் மூக்கைப் பொத்துவினம். உள்ளிப்பூண்டு மணக்குதாம். எங்கடை அம்மா யன்னலைப் பூட்டிப்போட்டுத்தான் சமைக்கிறவ. கட்டடத்திலை ஆரின்ரையாவது சாமான் காணாமல் போனால் பொலிஸ் முதலிலை எங்கடை மாடிக்குத்தான் ஏறும். சிசிலிக்காரன் எண்டால் கத்தி வைச்சிருப்பானாம்."

"பாவம் சின்யோரா. பிறகு?"

"பிறகென்ன, எங்கடை தெருவுக்குக் கறுத்தவை குடிவந்தினம். நாங்கள் வீட்டை வித்துப்போட்டு வேறை இடம் போட்டம்."

"ஏன், அவை என்ன செய்தவை?"

"ஒண்டும் செய்யேல்லை. அவையோடை ஒரு தெருவிலை இருந்தால் எங்களையும் அப்பிடித்தானே பாப்பினம். அமெரிக்காவிலை மேலை ஏறுறதெண்டால் ஆரையாவது மிதிச்சுத்தான் ஏற வேணும், மகளே."

அம்மா இதைச் சொல்லிவிட்டு, "இஞ்சரப்பா, அந்த மனுசி பட்டதையும் சொல்லுது, செய்ததையும் சொல்லுது. இரண்டும் ஒண்டெண்டு விளங்கேல்லை" என்றார்.

நீங்கள் வந்து இரண்டாம் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டில் கறித்தூள் முடிந்துவிட்டது. அம்மா சந்தையில் செத்தல் மிளகாய் வாங்கி வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே படுத்துக்கிடக்கும், ஒருவருக்கும் இடைஞ்சல் இராது என்று நினைத்துத் தாச்சியை அடுப்பில் வைத்தார். மல்லி, சீரகம் எல்லாம் வறுத்து, கடைசியில் மிளகாயைப் போட்டார். எங்கள் குசினி யன்னல் வீட்டு நடுவில் கிணறுபோல மேலே திறந்திருந்த இடைவெளியைப் பார்த்தது. புகை அதன் வழியே மேலே போனது. அன்றைக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வருகிற அந்தச் சூட்டுக்காற்று. அது மொட்டைமாடிக் கதவால் புகையை அப்படியே படிக்கட்டுக்குள் தள்ளிவிட்டது.

முதலில் இரண்டாம் மாடி மெக்கானிக் இருமினார். பிறகு வீடு முழுக்க இருமல். "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினார்கள். நாங்களும் இருமிக்கொண்டுதான் இருந்தோம். மிளகாய் வறுத்தால் இருமுவதுதானே, அதை நாங்கள் கணக்கெடுக்கவில்லை. எங்கேயோ நெருப்பு என்று பயந்து, அம்மா அடுப்பை நூர்த்துவிட்டு, பாஸ்போட் பையைத் தூக்கிக்கொண்டு, உங்களையும் இழுத்துக்கொண்டு கீழே ஓடினார். நெருப்பு வைத்தவரே நெருப்புக்குப் பயந்து ஓடிய கதை எங்களுடையதுதான்.

முற்றத்தில் நின்று ஒருவரும் எந்த வீடு என்று கேட்கவில்லை. எல்லோரும் மேலே கையைக் காட்டினார்கள். மெக்கானிக்கும் மகனும் ஓடிப்போய், தட்டிக்கூடப் பார்க்காமல், கிரேஸின் கதவை உடைத்தார்கள். உள்ளே விரித்த கட்டில், கழுவிக் கவிழ்த்த ஒரு கோப்பை, குளிர்ந்த அடுப்பு. வேறொன்றும் இல்லை. "அணைச்சுப்போட்டுப் போயிருப்பாள்" என்றார் அமெரிக்கானா.

படிக்கட்டில் ஏறும்போதுதான் அம்மாவின் மூக்குக்கு விளங்கியது. என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த நேரம்தான் கிரேஸ் கோயிலால் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம். தொங்கிக்கொண்டிருந்த கதவைப் பார்த்தார்.

"இந்தக் கிழமைக்குள்ளை நீ வெளிக்கிட வேணும். இப்பவே என்ரை மருமகனுக்கு ரெலிபோன் எடுக்கிறன்" என்று அமெரிக்கானா சொன்னார்.

"சின்யோரா, நான் விடியவிலிருந்து கோயிலிலை."

அதைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை. கிரேஸ் குனிந்து மரச்சிராம்புகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

நாங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினோம். உங்கள் பெர்மெஸ்ஸோ இன்னும் கைக்கு வரவில்லை. வீடு போனால் அதுவும் போகும்.

"இஞ்சரும், எங்களை ஆரும் கேக்கேல்லை. சும்மா இருப்பம்" என்றேன்.

"கேக்கேல்லைத்தான். ஏன் கேக்கேல்லை? எங்கடை வீட்டுப் புகைக்கு ஏன் ஒருத்தரும் எங்கடை கதவைத் தட்டேல்லை?"

"பிள்ளையளை நினையும்."

"நினைக்கிறபடியால்தான். இண்டைக்கு அந்தக் கதவு. நாளைக்கு வேறை ஆரோ நல்ல சனம் எண்டு வந்தால், உடைபடுறது எங்கடை கதவு."

தாச்சியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கீழே போனார். நானும் பின்னால் போனேன்.

அமெரிக்கானா கதவைத் திறந்தார். அம்மாவுக்கு அப்போது தெரிந்த இத்தாலியன் கொஞ்சம். "சின்யோரா, புகை நான். கிரேஸ் இல்லை. நான்" என்றார்.

கிழவி அம்மாவின் கன்னத்தைத் தடவினார். "நீ நல்ல பிள்ளை. அவளுக்காகப் பொய் சொல்லுறாய். நீங்கள் அவையைப்போல இல்லை."

அம்மா தாச்சியை அவருடைய மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கிழவி தும்மினார், தும்மினார், கண்ணால் தண்ணீர் வரும்வரை தும்மினார். பிறகு கோபம் வந்தது. "அப்ப நீங்களும் வெளிக்கிடுங்கோ!"

"ஓம். மருமகனுக்குச் சொல்லுங்கோ. ஆனால் சரியாச் சொல்லுங்கோ" என்றார் அம்மா. பிறகு இங்கிலீசுக்கு மாறினார். "சின்யோரா, அமெரிக்காவிலை உங்கடை அம்மா யன்னலைப் பூட்டிச் சமைச்சவ. பொலிஸ் முதலிலை உங்கடை மாடிக்குத்தான் ஏறினது. நீங்கள் சொன்னனீங்கள். இண்டைக்குக் கிரேஸ் சமைக்கக்கூட இல்லை."

கதவு எங்கள் முகத்தில் சாத்தப்பட்டது.

அந்தக் கிழமை முழுக்க வீட்டுக்காரருடைய முடிவுக்காகக் காத்திருந்தோம். கதவு இல்லாத அறையில் எப்படிப் படுப்பது என்று அம்மா கிரேஸை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மகளே, நீ அவரோடு ஒரே கட்டிலில் படுத்து, அவருடைய பின்னலை எண்ணிக்கொண்டு நித்திரையானது நினைவிருக்கும். அப்போது உங்கள் சித்தப்பா வந்தார். கிரேஸைக் குறித்து ஒரு சொல் சொன்னார். எங்கள் ஆட்கள் ஆபிரிக்கரைச் சொல்லுகிற சொல்தான். அதை இதில் எழுத மாட்டேன். "அண்ணி, எங்கடை சனத்தின்ரை பேரையும் கெடுக்கப் போறியள்" என்றார்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே, "தம்பி, சந்தையிலை உம்மைத் துர்க்கோ எண்டு கூப்பிட்டவனை அடிக்கப் போனனீர் எல்லே?" என்றார்.

"அது வேறை, அண்ணி."

"எது வேறை? சாப்பிடும். கறி உறைப்பு. தூள் புதுசு."

சித்தப்பா சிரித்துவிட்டார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். எல்லோரும் முற்றத்தில் நின்றோம். அமெரிக்கானா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, எங்கள் ஒருவரையும் பார்க்காமல் மருமகனுக்குச் சொன்னார்: "கதவு உன்ரை செலவு. ஒருத்தரும் போகத் தேவையில்லை. இந்தத் தமிழிச்சி மிளகாய் வறுக்கிறதெண்டால் முதல் நாளே சொல்ல வேணும், உடுப்புக் காயப்போடாமல் இருக்க." அவ்வளவுதான். வீடு தப்பியது. உங்கள் பெர்மெஸ்ஸோவும் அடுத்த மாதம் கையில் வந்தது.

ஆனால் பிள்ளைகளே, கிழவி கிரேஸிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நான் நல்லதாக மாற்றி எழுத மாட்டேன். அம்மாவை அதற்குப் பிறகு வேலைக்கும் கூப்பிடவில்லை. தலை பின்ன வேறு ஆளைப் பிடித்தார். அம்மாவுக்கு அது கவலைதான். "எனக்கு அந்த மனுசியிலை விருப்பமப்பா. அதுதான் சொன்னனான், இல்லாட்டி ஏன் சொல்லுறன்" என்பார். படிக்கட்டில் கண்டால் அம்மா வணக்கம் சொல்லாமல் விட்டதில்லை. பதில் சில நாள் வரும், சில நாள் வராது.

அம்மாவின் நல்ல குணங்களை எழுதச் சொன்னார்கள். கோயிலில் பாடியது, புதிதாக வந்த பெண்களுக்கு வேலை தேடிக் கொடுத்தது, எங்கள் எல்லோருடைய உடுப்பையும் தைத்தது, இவை இங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும். நான் எழுத விரும்பியது இன்னொன்று. போன வருடம், வருத்தம் முற்றி அம்மா படுக்கையாகக் கிடந்தபோது, மகன் பள்ளிக்கூடத்தால் வந்து சொன்னான்: "மம்மா, எங்கடை வகுப்பு மயெஸ்த்ரா சொன்னவ, தமிழ்ப் பிள்ளையள் பிராவி, நல்ல பிள்ளையளாம், மற்ற வெளிநாட்டுப் பிள்ளையள் மாதிரி இல்லையாம்." அம்மா கட்டிலில் எழும்பி இருந்தார். "உனக்குப் பக்கத்திலை இருக்கிற மொறொக்கோப் பிள்ளைக்கு அது கேட்டதோ?" என்றார். "ஓம்." "அப்ப நாளைக்கு அவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா." அவன் வந்தான். அம்மாவால் நிற்க முடியவில்லை, கதிரையில் இருந்து புட்டு அவித்தார். அம்மா கடைசியாகச் சமைத்தது அன்றைக்குத்தான்.

அம்மாவின் வருத்தத்தில் உதவிய பங்குத்தந்தைக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்த எல்லாக் குடும்பங்களுக்கும், பெட்டி தூக்கிய தம்பிமாருக்கும் எங்கள் நன்றி. பெட்டி படியால் இறங்கும்போது தன் வீட்டு இரட்டைக் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற அமெரிக்கானாவுக்கும் நன்றி.

வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்து, அம்மாவைத் துடைத்து, தலை வாரிவிட்டவர் கிரேஸ். யார் என்று தாதி கேட்டபோது "சகோதரி" என்றாராம். தாதி அம்மாவைப் பார்க்க, அம்மா "ஓம், மூத்தவ" என்றாராம். அடக்கத்தன்று கிரேஸ் எங்கள் வரிசையில் வந்து இருந்திருக்கிறார். யாரோ ஒருவர், தெரியாத ஆள் என்று நினைத்து, பின்னுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அவர் எழும்பிப் போனாராம். மகள் எனக்குப் பிறகுதான் சொன்னாள்.

யாரென்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இந்த மலரை இப்போது கையில் வைத்திருக்கிற உறவுகளே, இன்றைய திருப்பலியில் முன்வாங்கில் என் பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பவர் அவர்தான். அவருடைய பெயர் கிரேஸ். என் மனைவியின் அக்கா. பக்கத்தில் இடம் இருக்கிறது, வந்து இருங்கள்.